மருத்துவச்சியின் பக்கத்தில் நின்றவள்

ஆங்கிலத்தில் மருத்துவச்சியை ‘மிட்வைஃப்’ என்பர். இச்சொல்லில் ‘மனைவி’ எங்கிருந்து வந்தாள் என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் சற்றே தயங்குவதுண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘மிட்’ என்றால் உடன்; ‘விஃப்’ என்றால் பெண். மணமானவள் என்று பொருள் குறுகியது பின்னாளில்தான். ஆகவே, பேறுகாலத்தில் பெண்ணோடு உடனிருப்பவள் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இலத்தீனில் அவளுக்கு ‘ஆப்ஸ்டெட்ரிக்ஸ்’ என்று பெயர். எதிரே நிற்பவள் என்பது பொருள். பிள்ளையை ஏந்திக்கொள்ள எதிரே நிற்கிறாள். பிரெஞ்சுக்காரர் அவளை ‘அறிவுடைய பெண்’ என்றனர். நம் மொழி மருத்துவத்தையே அவள் பெயராக்கி மருத்துவச்சி என்றது.

பெயர் எதுவாயினும், பிள்ளை பிறக்கும் வீட்டில் எந்நாளும் இன்னொருத்தியும் இருந்தாள். வெந்நீர் வைத்தவள் அவள். கறைபட்ட துணியை அலசியவள் அவள். மூத்த குழந்தைகளுக்குச் சோறூட்டி உறங்க வைத்தவளும் அவளே. வரலாற்று நூல்கள் மருத்துவரைப் பற்றிப் பல பக்கங்களும், மருத்துவச்சியைப் பற்றிச் சில பக்கங்களும் எழுதியுள்ளன. இவளைப் பற்றி எழுதியவை மிகச் சில. இன்று இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் இவளுக்கு ‘மெட்டர்னிட்டி சப்போர்ட் ஒர்க்கர்’ என்று பெயர். பேறுகாலத் துணைப்பணியாளர் என்று நாம் சொல்லலாம். சீருடை உண்டு, ஊதியப்படி உண்டு, பயிற்சித் திட்டமும் உண்டு. இப்பதவி இருபத்தோராம் நூற்றாண்டின் புதுப்படைப்பு என்று பலர் எண்ணுகின்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1902-ஆம் ஆண்டில் சட்டத்தால் தலைவாசல் வழியே வெளியேற்றப்பட்ட ஒருத்தி, நூறாண்டு கழித்துக் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்பதே எம் கருத்து. அவள் போன கதையைத் தெரிந்துகொண்டால்தான், திரும்பி வந்தவள் மேலே ஏற முடியாமல் தவிப்பதன் காரணம் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் வாழ்ந்த தெருக்களில் ‘ஹேண்டிவுமன்’ எனப்பட்டவள் ஒருத்தி இருப்பாள். கையுதவிக்காரி என்று தமிழில் கூறலாம். பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவள்; தானும் பல பிள்ளைகளைப் பெற்றவள்; பலர் கைம்பெண்கள். தெருவில் பிள்ளை பிறந்தாலும் அவளைத்தான் அழைப்பார்கள்; யாரேனும் இறந்தால் பிணத்தைக் கழுவிக் கிடத்தவும் அவளைத்தான் அழைப்பார்கள். மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே அவளுக்குக் கூலி. அதையும் தவணையாகக் கொடுக்கலாம், இல்லையேல் பொருளாகக் கொடுக்கலாம். அந்தக் கூலிக்கு அவள் பிள்ளையை எடுத்ததோடு நில்லாமல், தாய் எழுந்து நடமாடும் வரை நாள்தோறும் வந்து துவைத்து, சமைத்து, வீட்டையும் பார்த்துக்கொண்டாள். மருத்துவர் செய்யாத வேலை இது. பின்னர் வந்த பட்டம் பெற்ற மருத்துவச்சியும் செய்யாத வேலை. வசதி படைத்த வீடுகளில் இதே பணியைச் செய்ய ‘மாதத் தாதி’ என்று ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு திங்கள் வீட்டோடு தங்குவாள்.

இவர்களுக்குக் கெட்ட பெயரை நிலையாக்கியவர் ஒரு நாவலாசிரியர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44-இல் எழுதிய ‘மார்ட்டின் சசில்விட்’ என்னும் கதையில் திருமதி கேம்ப் என்றொரு பாத்திரம் வருகிறது. கையில் பெரிய குடை, பக்கத்தில் மதுப்புட்டி, நோயாளியைவிடத் தன் சாப்பாட்டில் கவனம். இப்பாத்திரம் பெற்ற புகழால் ஆங்கிலத்தில் குடைக்கே ‘கேம்ப்’ என்ற பெயர் வழங்கலாயிற்று! கேலிச் சித்திரம் சுவையானதுதான். ஆனால் அது சான்றாகாது. பின்வந்த சீர்திருத்தக்காரர்கள் அதைச் சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள். கையுதவிக்காரி என்றாலே அழுக்கும் குடியும் என்ற எண்ணம் படித்தவரிடையே வேரூன்றியது. 1993-இல் நிக்கி லீப், பில்லி ஹன்டர் என்னும் இருவர், பழைய மருத்துவச்சிகளையும் தாய்மாரையும் நேரில் கண்டு, அவர்தம் நினைவுகளைத் திரட்டி நூலாக வெளியிட்டபோதுதான் மறுபக்கம் தெரிய வந்தது. தெருவாரின் மதிப்பைப் பெற்று, தூய்மையோடும் பொறுப்போடும் பணியாற்றிய கையுதவிக்காரிகளும் பலர் இருந்திருக்கின்றனர்.

சீர்திருத்தம் எங்கே தொடங்கியது என்பதும் நோக்கத்தக்கது. இலண்டன் பேறுகால மருத்துவர் கழகம் 1872-இல் மருத்துவச்சிகளுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிற்று. 1881-இல் லூயிசா ஹப்பர்டு, செஃபரீனா வெய்ட்ச் முதலிய மாதர் ஒரு சங்கம் அமைத்தனர். அதுவே மருத்துவச்சிகள் நிலையமாக வளர்ந்து, பிற்காலத்தில் அரச மருத்துவச்சிகள் கல்லூரியாயிற்று. இவர்கள் உயர்குடிப் பெண்கள். பேறுகாலத்தில் ஏழைத் தாய்மார் மடிவது கண்டு இரங்கியவர்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் படித்த பெண்களுக்கு மதிப்பான ஒரு தொழில் வேண்டும் என்பதும் அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்று. அத்தொழில் மதிப்புடையதாக வேண்டுமானால் தெருமுனைக் கையுதவிக்காரியோடு அதை வைத்து எண்ணக் கூடாது. இரக்கமும் தொழில்நலமும் ஒரே நூலில் முறுக்கப்பட்டிருந்தன.

1890 முதல் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வந்து வந்து விழுந்தன. மருத்துவர் பலர் எதிர்த்தனர். அரைகுறை மருத்துவர்களைச் சட்டமே உண்டாக்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்; வருமானம் குறையும் என்பது சொல்லாத காரணம். இறுதியில் 1902 ஜூலை 31-ஆம் நாள் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. ஸ்காட்லாந்துக்கு 1915-இலும் அயர்லாந்துக்கு 1918-இலும் இத்தகைய சட்டங்கள் வந்தன.

சட்டம் என்ன சொல்லிற்று? 1905 ஏப்ரல் முதல், பதிவு பெறாத எவளும் தன்னை மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் 5 பவுன் வரை தண்டம். 1910 ஏப்ரல் முதல், பதிவு பெறாத எவளும் ஊதியத்துக்காக வழக்கமாகப் பேறு பார்க்கக் கூடாது. பார்த்தால் 10 பவுன் வரை தண்டம். ஆனால் மருத்துவர் ஒருவரின் ஆணையின்கீழ்ப் பணிபுரிபவளுக்கு இத்தடை இல்லை. ஏற்கெனவே ஓராண்டேனும் தொழில் செய்து நல்லொழுக்கம் உடையவள் என்று காட்டியவர்கள், பயிற்சியில்லாமலே பதிவு பெறலாம். 1905-இல் பதிவேட்டில் 22,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றுள் 12,500 அளவினர் இவ்வாறு பழைய தொழில் காரணமாகவே இடம் பெற்றவர்கள். அதாவது, முதற் பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்டவர் தேர்வெழுதாத பெண்களே. எழுத்தறிவில்லாத காரணத்தாலோ, அச்சத்தாலோ, செய்தியே எட்டாமையாலோ பதிவு செய்துகொள்ளாதவள் 1910-க்குப் பின் சட்டத்துக்குப் புறம்பானவள் ஆனாள். நேற்று வரை ஒரே தெருவில் ஒரே தொழில் செய்த இருவருள் ஒருத்தி அரசின் பதிவு பெற்ற மருத்துவச்சி, மற்றவள் குற்றவாளி!

பதிவு பெற்றவளுக்கும் வாழ்வு எளிதாக இல்லை. அவளை மேற்பார்க்க அமைந்த மத்திய மருத்துவச்சிகள் வாரியத்தில் மருத்துவர்களே மிகுதி. மருத்துவச்சி ஒருத்தியேனும் அதில் இருந்தாக வேண்டும் என்ற விதி சட்டத்தில் இல்லை. வாரியத்தின் விதிகள் அவளுடைய பையையும் விட்டு வைக்கவில்லை. துவைக்கத்தக்க உட்துணி கொண்ட பை. அதில் கத்தரிக்கோல், வெப்பமானி, நகம் தேய்க்கும் தூரிகை, கிருமிநாசினி முதலியன இருத்தல் வேண்டும். உடையும் துவைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். கண்காணிப்பாளர் வந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். இன்னொரு விதி: தான் பேறு பார்த்த தாயோ பிள்ளையோ இறந்தாலன்றி, மருத்துவச்சி பிணத்தைக் கிடத்தும் வேலையைச் செய்யலாகாது. தொற்று பரவாதிருக்க இஃது அறிவுடைய விதியே. ஆயினும், பிறப்புக்கும் இறப்புக்கும் ஒருத்தியையே அழைத்து வந்த தெருவில், இந்த ஒரு விதி பழைய உறவை இரண்டாக வெட்டிற்று.

புதிதாக மருத்துவச்சியாக விரும்பியவள் பயிற்சி பெற வேண்டும். முதலில் அது மூன்று திங்கள், 1916-இல் ஆறு, 1926-இல் ஓராண்டு. தாதிப் பயிற்சி பெற்றவர்க்குக் காலம் குறைவு. பயிற்சிக்குக் கட்டணத்தைப் பெரும்பாலும் பயில்பவளே கட்ட வேண்டும். அக்காலத்தில் வருமானமும் இல்லை. ஆலைத் தொழிலாளியின் கைம்பெண் இதற்கு எங்கே போவாள்? கற்க விருப்பமும் கைப்பழக்கமும் உடையவள் வாயிலில் நின்றாள். கட்டணம் கட்ட வசதியுள்ளவள் உள்ளே சென்றாள். இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இங்கே வருவோம்.

கையுதவிக்காரி உடனே மறைந்து விடவில்லை. ‘ஊதியத்துக்காக வழக்கமாக’ என்ற சொற்களுக்குள்ளேயே அவளுக்கு இடம் இருந்தது. அண்டை வீட்டாளாக உதவினேன் என்று சொன்னால், எப்படி மெய்ப்பிப்பது? மருத்துவரின் ஆணை என்ற போர்வையும் இருந்தது. பேற்றுக்கு வருவதாகப் பெயரளவில் ஒப்புக்கொண்ட மருத்துவர் கடைசி நேரத்தில் வருவார், சில வேளை வரவும் மாட்டார். வேலை முழுவதும் கையுதவிக்காரியே செய்வாள். பயிற்சி பெற்ற மருத்துவச்சி தம் வருமானத்துக்குப் போட்டி. கையுதவிக்காரி போட்டியல்லள், ஆகவே சில மருத்துவர்க்கு அவளே விருப்பமானவளாக இருந்தாள். 1926-ஆம் ஆண்டின் சட்டம் இந்த ஓட்டையை இறுக்கிற்று. 1936-ஆம் ஆண்டின் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை அமர்த்த வேண்டும் என்று விதித்தது. பதிவைத் திருப்பிக் கொடுத்து ஓய்வு பெறும் பழைய மருத்துவச்சிகளுக்கு இழப்பீடும் கிடைத்தது. பதிவே இல்லாதவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்ன இருந்தது?

அவளுடைய பணியின் மறுபாதி, அதாவது துவைத்தலும் சமைத்தலும், யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டும். இலண்டனின் கிழக்குப் பகுதியில் யூத ஏழைகளுக்காக ஆலிஸ் மாடல் என்னும் அம்மையார் 1895-இல் ஒரு சங்கம் தொடங்கினார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு உதவிப் பெண்ணை அனுப்பி வைப்பதே அதன் பணி. தாய்சேய் நலச் சட்டம் 1918-இல் வந்தபின் உள்ளாட்சி மன்றங்களும் ‘வீட்டு உதவியாளர்’களை அனுப்பலாயின. ஒருத்தி செய்த வேலையைச் சட்டம் இருவருக்குப் பங்கிட்டு விட்டது. ஒரு பங்குக்குப் பட்டமும் பையும் கிடைத்தன. மறு பங்குக்குத் துடைப்பம் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே ஏணி எதுவும் வைக்கப்படவில்லை.

இதனால் தாய்மார் சாவு குறைந்ததா? இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரம் பிறப்புக்கு நான்கு, ஐந்து தாய்மார் என்ற அளவில் இருந்த சாவு, 1900 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய அப்படியே நின்றது. அது செங்குத்தாகச் சரியத் தொடங்கியது 1936-ஐ ஒட்டி. அவ்வாண்டில்தான் இலண்டன் குவீன் சார்லட் மருத்துவமனையில் லெனர்டு கோல்புரூக்கும் மேவ் கென்னியும் சல்பா மருந்தைப் பேறுகாலக் காய்ச்சலுக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். பின்னர்ப் பென்சிலினும் குருதியேற்றமும் சேர்ந்துகொண்டன. காய்ச்சலைக் கைவழியே சுமந்து சென்றவர்களில் மருத்துவரும் அடங்குவர் என்பதை 1795-லேயே அபர்டீன் நகரத்து அலெக்சாண்டர் கோர்டன் எழுதி வைத்தார். அதற்காக ஊராரின் பகையையும் தேடிக்கொண்டார். ஆகவே, பழியை முழுவதும் கையுதவிக்காரியின் தலையில் ஏற்றியது நீதியாகாது. பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை, பயிற்சி நல்லதே. அதை அவளுக்குக் கொடுக்காமல் அவளை விலக்கியதே பிழை என்கிறோம்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்க்கு நம் நாட்டையே காட்டலாம். ஆங்கிலேயர் தம் சட்டங்களைக் கப்பலேற்றி எங்கும் கொண்டு சென்றனர். மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பகுதிக்கும் வந்தது. சிங்கப்பூரில் 1924 அக்டோபரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இலவசப் பிள்ளைப்பேற்று மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 1966-இல் அங்கே ஓராண்டில் 39,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்து உலகச் சாதனையானது நாம் அறிந்ததே. ஆனால் மலாயாவின் கம்பங்களில் நடந்தது வேறு. 1950-களில் தொடங்கிய நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டத்தில், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று கணக்கிட்டு, அதிலேயே அவள் குடியிருக்க வீடும் கட்டிக் கொடுத்தார்கள். கெடாவின் ஜித்ராவில் பயிற்சி நிலையம் அமைந்தது. பயின்று வந்த இளம்பெண், கம்பத்தில் ஏற்கெனவே செல்வாக்குடன் இருந்த மூத்த ‘பீடான்’ கிழவியைப் பகைக்கவில்லை. பகைத்திருந்தால் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்க முடியாது. கிழவிக்குத் தூய்மைப் பயிற்சியும் கருவிப் பையும் கொடுத்தார்கள். பேற்றைப் பயின்றவள் பார்க்க, உடம்பு பிடித்துவிடுதலும், தாய்க்குத் துணையிருத்தலும், பேற்றுக்குப் பிந்திய சடங்கும் கிழவிக்கு என்று பங்கு பிரிந்தது. 1966-ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டத்துக்குப் பின்னும் இந்த ஒத்துழைப்புத் தொடர்ந்தது. 1957-இல் இலட்சம் பிறப்புக்கு 280 அளவில் இருந்த தாய்மார் சாவு 1970-இல் ஏறத்தாழப் பாதியாயிற்று. சாலையும் மருந்தும் மருத்துவமனையும் இதில் பங்குடையவையே. கிழவியைத் துணையாக்கிய அறிவுக்கும் பங்குண்டு. இங்கும் ஒரு குறை உண்டு. பீடான் கிழவியின் பேத்தி பயிற்சி பெறலாமே தவிர, கிழவி மேலே ஏறவில்லை. தோட்டப்புறங்களில் இலயத்து வீடுகளில் பேறு பார்த்த நம் பாட்டிமாரின் கதையும் இதுவே. அதைத் தனியே எழுத வேண்டும்.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. பேறு வீட்டை விட்டு மருத்துவமனைக்கு நகர்ந்தது. 1960-இல் மூன்றில் ஒரு பங்கு பேறுகள் வீட்டிலே நடந்தன; எல்லாப் பேறுகளுக்கும் மருத்துவமனையில் இடம் வேண்டும் என்று 1970-இல் பீல் குழு பரிந்துரைத்தது; 1970-களின் நடுப்பகுதிக்குள் வீட்டுப் பேறு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவமனையில் துணி, படுக்கை, பால்புட்டி, சாப்பாட்டுத் தட்டு இவற்றைப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா? துணைத் தாதியர் என்ற பெயரில் பெண்கள் வந்தார்கள். அவர்களுள் பலர் அதே தெருக்களிலிருந்து வந்த, பிள்ளை பெற்று வளர்த்த, நடுத்தர வயதுப் பெண்கள். கையுதவிக்காரி திரும்பி விட்டாள்!

2000-க்குப் பின் மருத்துவச்சிகள் போதாமற் போயினர். துணைப்பணியாளரிடம் மேன்மேலும் வேலைகள் ஒப்படைக்கப்பட்டன. இரத்த அழுத்தம் பார்த்தல், குருதி எடுத்தல், அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுத்தல், பால் கொடுக்கத் தடுமாறும் தாயின் பக்கத்தில் அமர்ந்து பழக்குதல், பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்பித்தல் என்று அவை விரிந்தன. கடைசி இரண்டும் பழைய கையுதவிக்காரியின் பணிகளே என்பதை வாசகர் உணர்வர். 2004-இல் வந்த ஊதியத் திட்டத்தில் இவர்கள் 2, 3, 4 ஆகிய படிகளில் வைக்கப்பட்டனர்; மருத்துவச்சி 5-ஆம் படியில் தொடங்கி 6-க்குச் செல்கிறாள். 2015 முதல் புதிதாகச் சேர்வோர்க்கு அடிப்படைப் பராமரிப்புச் சான்றிதழ் ஏற்பட்டது. ஆயினும் ஒரு மருத்துவமனையில் அனுமதித்த வேலையை மற்றொன்று தடுத்தது. ஓரிடத்தில் பெற்ற பயிற்சிக்கு வேறிடத்தில் மதிப்பில்லை. 2-ஆம் படியில் வைத்துக்கொண்டு 3-ஆம் படிக்குரிய வேலையை வாங்குகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க 2019 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சுகாதாரக் கல்வி அமைப்பு, துணைப்பணியாளரின் திறன், கல்வி, பணி வளர்ச்சி ஆகியவற்றுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டகம் ஒன்றை வெளியிட்டது. எந்தப் படியில் எந்த வேலை, அதற்கு எந்தப் பயிற்சி, அடுத்த படிக்கு என்ன வழி என்பன அதில் முதன்முறையாகத் தெளிவாயின.

எல்லை மட்டும் மாறவில்லை. 2001-ஆம் ஆண்டின் தாதியர், மருத்துவச்சிகள் ஆணையில் 45-ஆம் கூறு, மருத்துவச்சி, மருத்துவர், இவ்விரு தொழிலுக்கும் பயிலும் மாணவர் தவிர வேறு யாரும், அவசர வேளையிலன்றிப் பேறு பார்க்கலாகாது என்கிறது. 1902-ஆம் ஆண்டின் வாசகமே அங்கே உயிரோடு இருக்கிறது. தாயின் பாதுகாப்புக்கு அது தேவை. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லைக்கோடு நியாயமானதாக இருக்க வேண்டுமானால், அதைக் கடந்து செல்ல ஒரு வாயிலும் இருக்க வேண்டும்.

அந்த வாயிலில்தான் பழைய கதை மீண்டும் நிற்கிறது. மருத்துவச்சியாக இன்று பட்டப்படிப்பு வேண்டும், மூன்றாண்டுகள் ஆகும். மாணவியர்க்கு அரசு கொடுத்து வந்த உதவித்தொகை 2017-இல் புதிதாகச் சேர்வோர்க்கு நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 9,250 பவுன் கட்டணத்தைக் கடனாக ஏற்க வேண்டியதாயிற்று. 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுன் உதவியாகக் கொடுக்கத் தொடங்கினர். கடன் அப்படியே இருந்தது. பத்தாண்டு பேறறையில் நின்று, நூற்றுக்கணக்கான தாய்மாரின் கையைப் பிடித்திருந்தவளுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை. சம்பளத்தை விட்டுவிட்டு மூன்றாண்டு மாணவியாக இருப்பது எப்படி? மருத்துவச்சிப் பயிற்சிக்குக் கட்டணம் கட்ட முடியாமல் வாயிலில் நின்றாளே ஆலைத் தொழிலாளியின் கைம்பெண், அவள் நின்ற இடம் இதுதான்.

இதற்கு ஒரு வழியாகச் சம்பளத்துடன் பயிலும் தொழிற்பயிற்சிப் பட்டம் ஏற்பட்டுள்ளது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். படிப்புக் கட்டணத்தை முதலாளிகள் செலுத்தும் பயிற்சி வரி நிதியிலிருந்து எடுக்கலாம். அதற்குமுன் பள்ளி அளவிலான ஆங்கிலமும் கணக்கும் தேறியிருத்தல் வேண்டும். பதினாறு வயதில் பள்ளியை விட்டவள் நாற்பதில் மீண்டும் பின்னக் கணக்குப் போடுகிறாள். தேறியவளையும் மருத்துவமனை விடுவித்து அனுப்ப வேண்டும். அவள் வகுப்புக்குப் போகும் நாளில் அவளிடத்தில் நிற்க இன்னொருத்திக்குச் சம்பளம் கொடுக்க அந்த நிதியைத் தொடக் கூடாது என்பது விதி. ஆகவே, இடம் கேட்டு நிற்போர் பலராகவும், அனுப்பப்படுவோர் சிலராகவும் இருக்கின்றனர்.